ஈரம் வரும் வழி

அக்டோபர் 5, சனி

கோழிகள் வந்துவிட்டன. நான்கு விடைக்கோழிகள், முட்டையிடப் போகும் பருவம். பார்த்திபன் நீடாமங்கலம் சந்தையில் வாங்கி, அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, மற்ற இரண்டும் புள்ளி. பெட்டியைத் திறந்ததும் நான்கும் தலையைத் தூக்கி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப்போல எங்கள் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தன.

குழந்தை அம்முவுக்கு முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுத்துப் பழக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது இது. கடை முட்டை எந்த ஊர்க் கோழி போட்டது, அதற்கு என்ன ஊசி போட்டார்கள், யாருக்குத் தெரியும்?

"ஒரு மஞ்சக் கருவுக்கு நாலு கோழியா?" என்றார்.

"அம்முவுக்கு" என்றேன்.

"சரி இளா. சரி."

இப்போதெல்லாம் இரண்டு முறை 'சரி' சொல்கிறார். முதல் சரி எனக்குப் பதில். இரண்டாவது சரி பேச்சை முடிப்பதற்கு.

கொட்டில் போன ஞாயிற்றுக்கிழமையே தயார். இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் அவர் வேலை. மற்றதெல்லாம் என் யோசனை. கீரி தோண்டி வரும் என்பதால் கம்பி வலையைத் தரைக்குள் ஒரு முழம் இறக்கிப் புதைத்தோம். முன்னால் அவை நடமாட வலையடைத்த இடம், பருந்துக்காக அதற்கு மேலேயும் வலை. கொட்டில் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். கயிற்றில் செங்கல் கட்டிக் கப்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். மூடியதும் வெளிப்பக்கக் கொக்கி தானே விழும். கொக்கியைத் தூக்க வேண்டுமானால் கதவை லேசாக உள்பக்கம் அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். இழுத்தால் இறுகும். எனக்கு மட்டும் தெரிந்த வித்தை. கீரிக்குத் தெரியாது.

பார்த்திபனுக்கும் இன்னும் சொல்லித்தரவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

சாயந்திரம் கோழிகளை அடைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. செவலை முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டு இறங்கவில்லை. கீழே நின்று "பா... பா..." என்று கூப்பிட்டேன். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரலை அது நம்பவில்லை போலிருக்கிறது.

கோழி பக்கம் போகும்போது முகக்கவசம், கையுறை, தனிச் செருப்பு. திரும்பியதும் குளியல். அம்மு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் குல்லா இருந்தது. சாக்ஸில் ஒன்றைக் கழற்றிவிட்டிருந்தாள். ஓடிப்போய்ப் போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி எடுக்க மாடிப்படி ஏறினேன். மேலே பார்த்திபன் கும்பகோணத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"தீவாளி முடியட்டும்க்கா. நீ வந்து அம்முவக் கூட்டிட்டுப் போ. ஒரு மாசம். இவ தூங்கவே மாட்டேங்குறா. ராத்திரியெல்லாம் புள்ள மூக்குல வெரல வச்சு வச்சுப் பாக்குறா. நான் ராம்நாட்ல ரோடு போட்டுக்கிட்டு இங்க என்னாகுதோன்னு... இல்லக்கா, நீ இப்ப ஒண்ணும் சொல்லிக்காத. நேர்ல வந்து பக்குவமா பேசு."

இறங்கி வந்துவிட்டேன். டீ போட்டேன்.

"சக்கர போட மறந்துட்டியா?" என்றார்.

போட்டேன் என்றேன். போடவில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்து ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளையின் தாய் குறட்டைவிட்டுத் தூங்குவாளா? டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் சொன்னார்: கை கழுவாம யாரையும் தொட விடாதீங்க, காத்துப் படாம பாத்துக்கங்க. நான் அதைத்தான் செய்கிறேன். இது வரைக்கும் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

மலர்க்கொடி அண்ணி வரட்டும். வந்து பார்க்கட்டும். வீடு எப்படி இருக்கிறது, பிள்ளை எப்படி இருக்கிறாள், நாலு கோழி எப்படிக் கொழுத்து நிற்கின்றன என்று பார்க்கட்டும். என் கையில் எதுவும் வாடாது. அதைப் பார்த்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

அக்டோபர் 16, புதன்

மழை பிடித்துக்கொண்டது. கோழிகளை வெளியே விடவில்லை. வலையடைத்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

கொட்டிலுக்குள் பரப்பியிருந்த உமி ஓரமாக நனைந்திருந்தது. தெற்குப் பக்க வலை வழியாகச் சாரல். பெருமாள் கோயில் தெருக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கிடந்த பிளெக்ஸ் பேனரைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கம் முழுக்கக் கட்டிவிட்டேன். கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இனி சாரல் அவர் முகத்தில் அடிக்கும்.

அக்டோபர் 18, வெள்ளி

உமி மறுபடியும் ஈரம்.

அக்டோபர் 21, திங்கள்

பார்த்திபனைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு, பழைய உமியை அள்ளிப் புதிது போட்டேன். வடக்குப் பக்கமும் பிளெக்ஸ் கட்டியாயிற்று. இது காதணி விழா; மூன்று பிள்ளைகள் வரிசையாகக் கும்பிடுகிறார்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அதில் சாக்கைச் சுருட்டித் திணித்தேன். கதவுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப். ஏணியில் நின்று டார்ச் அடித்து ஒவ்வோர் ஆணித் துளையாகப் பார்த்து எம்சீல் வைத்தேன். எறும்பு நுழைய வேண்டுமென்றாலும் இனி என்னைக் கேட்க வேண்டும்.

நிம்மதியாக இருக்கிறது.

அம்மு இன்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். நான் ஏணியில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கி வருவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

ஈரம். எங்கிருந்து என்றே தெரியவில்லை. சுவரில் இல்லை. தரையில் ஊற்று இல்லை. ஆனால் உமியைப் பிடித்தால் கையில் கட்டி கட்டியாக ஒட்டுகிறது. கூரையில்தான் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். தகரத்தின் மேல் இன்னொரு பிளெக்ஸ் போட்டுச் செங்கல் வைத்தேன். மழையில் நனைந்துகொண்டே செய்தேன். தும்மல் வருகிறது. அம்முவிடம் போவதற்கு முன்னால் ஆவி பிடித்தேன்.

அக்டோபர் 26, சனி

தும்முவது நான் மட்டுமில்லை. கறுப்பிக்கும் சளி. கண் ஓரத்தில் நுரை மாதிரி. மூச்சு விடும்போது கொர் கொர் என்கிறது. குளிர் பிடித்திருக்கும். ராத்திரிக்குச் சாக்குப் படுதாவை இன்னொரு சுற்றுப் போட்டு மூடினேன்.

பார்த்திபன் தீபாவளிக்கு அம்முவுக்குச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். கை இல்லாத சட்டை.

அக்டோபர் 28, திங்கள்

மழை விடவில்லை. கொல்லையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் மண் மெதுவாகத்தான் இருந்தது, தோண்டக் கஷ்டமில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் வாங்கினோம். அம்மு வெடிச் சத்தத்துக்குப் பயப்படவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கையைத் தட்டினாள். நான்தான் பயந்தேன்.

நவம்பர் 2, சனி

"கறுப்பு எங்க?" என்றார் பார்த்திபன்.

"உள்ள இருக்கு."

பிளெக்ஸைத் தாண்டி உள்ளே ஒன்றும் தெரியாது. சரி என்றார். ஒரு சரிதான்.

செவலையும் இரை எடுக்கவில்லை. புள்ளிகளில் ஒன்று தும்முகிறது. அண்ணி புதன்கிழமை வருகிறார்கள்.

நவம்பர் 6, புதன்

அம்மு தூங்குகிறாள். அண்ணியும் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். நான் இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது முழுவதையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு நான் கொஞ்சம் மாற்றி நினைத்துக்கொள்வேன்; என்னை எனக்குத் தெரியும்.

காலையில் மழை விட்டு நல்ல வெயில். அண்ணி மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கொட்டிலைப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அம்முவைப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, கொசுவலைக்குள் விட்டு, வாசல் கிரில்லைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். போன் உள்ளே சார்ஜில். கொல்லைக் கதவை வெளியே வந்து பூட்ட முடியாதென்பதால் அதை உள்ளே தாழ் போட்டுவிட்டு, வாசல் வழியாகச் சுற்றி வந்தேன். கோழிகளை வலையடைத்த இடத்துக்கு விரட்டிவிட்டு, தோசைத் திருப்பியோடு கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்தேன். எச்சம் சுரண்ட அதுதான் வசதி.

இத்தனை நாளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே நின்றபடியே நீளக் கம்பால்தான் உமியை இழுப்பேன். இன்றைக்கு மூலை மூலையாகச் சுரண்ட வேண்டுமென்று முழுதாக உள்ளே போய்விட்டேன். கதவுக்கு முட்டுக் கொடுத்த கல் சரிந்தது. செங்கல் இறங்கியது. கதவு மூடியது. கொக்கி விழுந்தது. அவ்வளவும் நான் நினைத்தபடியே, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தன.

தள்ளினேன். தோளால் இடித்தேன். கீரி நுழையாத கதவு.

இருட்டு. முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டி அதைக் கழற்றினேன். கண் முதலிலேயே எரிந்தது; இப்போது மூக்கும் தொண்டையும் எரிந்தன. மூன்று வருடம் வேதியியல் படித்தவள் நான். பரிசோதனைச் சாலையில் அந்த பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அம்மோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்து, போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. என் கோழிகள் இதில்தான் படுத்து எழுந்தன. நான் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து போனேன்.

கழுத்தில் சொட்டு விழுந்தது. வெளியே வெயில் காய்கிறது, உள்ளே சொட்டுகிறது. கையை உயர்த்தித் தகரத்தைத் தடவினேன். முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஓட்டையே இல்லை. மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. எல்லாம் அவற்றின் மூச்சு. வெளியே போக இடமில்லாமல் கூரையில் முட்டி, குளிர்ந்து, திரும்ப அவற்றின் மேலேயே சொட்டியிருக்கிறது. நான் ஒவ்வோர் இடமாக அடைக்க அடைக்க இன்னும் கூடியிருக்கிறது.

அப்போதுதான் அம்மு எழுந்துகொண்டாள்.

முதலில் சிணுங்கல். பிறகு கூப்பிடுகிற அழுகை. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக் கதறுகிற அந்த அழுகை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கதவை உதைத்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ, வாசல் பக்கமிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "இளவரசி! ஏ இளவரசி! புள்ள இந்தக் கத்துக் கத்துது, எங்கடி போன?"

"அண்ணி! இங்க! கோழிக் கொட்டில்ல!"

செருப்புச் சத்தம் சுற்றி வந்தது. வலைக் கதவு திறந்தது.

"கோழியெல்லாம் வெளிய நிக்கிது, நீ உள்ள இருக்க. என்னடி ஏற்பாடு இது?"

"கதவு மாட்டிக்கிச்சு அண்ணி. கொக்கியத் தூக்குங்க. இழுக்காதீங்க, உள்ள தள்ளிக்கிட்டே தூக்கணும்."

"தள்றதா, தூக்குறதா?"

"ரெண்டும்!"

அண்ணி இழுத்தார்கள். இறுகிவிட்டது. "இது என்ன பூட்டுடி, பேங்க் லாக்கர் மாதிரி! ஊர்ல உள்ள ஜனத்துக்கெல்லாம் பாலிசி போட்டிருக்கேன், இப்படி ஒரு பந்தோபஸ்து பார்த்ததில்ல." சொல்லிக்கொண்டே மறுபடி இழுத்தார்கள். உள்ளே அம்முவின் அழுகை தேய்ந்து தேய்ந்து விக்கலாகிக்கொண்டிருந்தது.

அந்த விக்கலை என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணி, கதவ விடுங்க. என்னை விடுங்க. அவளப் போய்ப் பாருங்க."

"பூட்டியிருக்குல்ல!"

"சாவி தர்றேன்."

எதன் வழியாகத் தருவது? நான்தான் ஒரு வழியும் வைக்கவில்லையே. தோசைத் திருப்பியால் பிளெக்ஸைக் குத்தினேன். கிழிக்க வரவில்லை, நல்ல கட்டிப் பிளெக்ஸ். வலைக்கண் வழியாகத் திரும்பத் திரும்பக் குத்தி, விரலை விட்டுக் கிழித்தேன். நகம் பெயர்ந்தது. பளீரென்று வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது, கூடவே காற்று. சாவியை வளையத்திலிருந்து கழற்றிச் சாய்வாக நுழைத்தேன்.

வெளியே அண்ணி சிரிக்கிற சத்தம். அந்த நேரத்திலும்! "ஐயோ, மாப்ள வாயில இருந்து சாவி வருதுடி!"

"ஓடுங்க அண்ணி! கைய..."

கையைக் கழுவிட்டுத் தூக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து வந்த கை.

கிரில் திறந்தது. அழுகை ஒருமுறை உச்சத்துக்குப் போயிற்று. நின்றது.

அந்த அமைதியில் நான் செத்துப் பிழைத்தேன் என்று எழுதினால் மிகை. ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிழிசலில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். இடுப்பில் அம்மு. தலையில் குல்லா இல்லை. காலில் சாக்ஸ் இல்லை. வேர்த்து ஒட்டியிருந்த அவள் முடியைக் காற்று மெதுவாகப் பிரித்துவிட்டது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார்கள். அண்ணி திறந்துபோட்டு வந்த வலைக் கதவு வழியாகப் புள்ளிக்கோழி வெளியேறி ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அம்மு அதைப் பார்த்தாள். விக்கிக்கொண்டே பார்த்தாள். பிறகு "ப்பா" என்றாள். நான் கோழிகளைக் கூப்பிடுகிற அதே ராகம். எனக்குத் தெரியாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கோழி திரும்பிப் பார்த்தது. அம்மு சிரித்தாள். வயிறு குலுங்கக் குலுங்க.

"இரு, உன்னைத் தொறந்துவிடறேன். புள்ளைய எங்க வைக்க?" என்றார்கள் அண்ணி.

"அவசரமில்ல அண்ணி. உக்காருங்க."

கிழிசலில் மூக்கை வைத்து நன்றாக மூச்சு விட்டேன்.

அம்மு சிரித்து முடித்த பிறகுதான் அண்ணி எழுந்து வந்தார்கள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே, நான் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, கதவை முழங்காலால் அழுத்திக் கொக்கியைத் தூக்கினார்கள். நான் வெளியே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தலையெல்லாம் உமி.

"உன்னைப் பாத்தா அடையில உக்காந்து எந்திரிச்ச மாதிரியே இருக்குடி."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்தது. அண்ணி அம்முவை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் தலையிலிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள்.

"நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்கள் கடைசியில்.

"தெரியும். அம்முவக் கூட்டிட்டுப் போக."

"எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. கேட்டுட்டேன்."

"அவனுக்கு மெதுவாப் பேசவே வராது, எங்கப்பா மாதிரி." இன்னொரு உமியை எடுத்துப் போட்டுவிட்டு, "என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. வேறு ஒன்றுதான் வந்தது.

"கறுப்புக் கோழி செத்துப்போச்சு அண்ணி. உள்ளயே மூச்சு முட்டி. நான்தான்... அவருகிட்டகூட சொல்லல. எனக்குத் தூங்கணும் அண்ணி. அவளக் கூட்டிட்டுப் போகாதீங்க. நீங்க இங்க இருங்க."

அண்ணி அம்முவைப் பார்த்தார்கள். "உங்கம்மா கேக்குறா. இருக்கட்டா?" அம்மு அண்ணியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

"ஆ! சரி, சரி. இருக்கேன்."

இதிலும் இரண்டு சரி. ஆனால் இவை வேறு.

நவம்பர் 7, வியாழன்

பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். நடுவில் பாலுக்கு மட்டும் அண்ணி எழுப்பினார்களாம். எனக்கு நினைவே இல்லை.

நவம்பர் 9, சனி

பார்த்திபன் வந்தார். கறுப்பியைப் பற்றிச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நீங்களும் என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்றேன். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனோம்.

சாக்கு, டியூப், எம்சீல் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குத் திறப்பு, அதில் நெருக்கமான வலை. கீரி வராது, காற்று வரும். கோழிகள் உட்காரும் குறுக்குக் கம்பு அதற்குக் கீழே இருக்கிறது, நேராக அவற்றின் மேல் அடிக்காது. கூரையை வெளியே ஒன்றரை முழம் நீட்டியிருக்கிறோம், சாரலுக்கு அது போதும். கொக்கியில் ஒரு கயிறு கட்டி உள்ளே விட்டிருக்கிறார் பார்த்திபன், உள்ளிருந்தும் திறக்கிற மாதிரி.

"யாருக்காக?" என்றேன்.

"கோழிக்கு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அண்ணி அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்பார்வை. "ஏன்டா, அந்த மாப்ளையத் தூக்கிப் போட்டுறாதடா. பாவம், கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள வாய் கிழிஞ்சிருச்சு."

நவம்பர் 12, செவ்வாய்

உமி உலர்ந்திருக்கிறது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்கிறது. கால்நடை மருந்தகத்தில் கொடுத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கிறேன். செவலை இரை எடுக்கிறது. ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அந்த ஒரு கண்ணாலேயே மற்ற இரண்டையும் அதட்டுகிறது.

தஞ்சாவூரில் அண்ணிக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டர். பிரசவத்துக்குப் பிறகு வருகிற இந்த மாதிரிக்கு அவர்தான் பார்ப்பாராம். 'இந்த மாதிரி' என்றுதான் அண்ணி சொன்னார்கள். வியாழன் காலையில் போகிறேன். அம்மு அண்ணியோடு இருப்பாள். ஒரு தாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிக் கிழித்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

போய்விட்டு வந்தேன். டாக்டர் என்னைப் பேசவிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் கைவிட இரண்டு ஓட்டை இருக்கும், அதன் வழியாக முதல் முறை அவளைத் தொட்ட அன்றிலிருந்து என்றேன். இது எனக்கே அப்போதுதான் தெரியும். மாத்திரை கொடுத்திருக்கிறார். பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாமாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். சரியாகிவிடும், மெதுவாக ஆகும் என்றார்.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன் செய்யக் கை போயிற்று. செய்யவில்லை. கடலை வாங்கித் தின்றேன்.

வீட்டில் அம்முவுக்கு மூக்கு ஒழுகுகிறது. லேசான சளி. அண்ணி சொல்லத் தயங்கினார்கள். நான் அவள் மூக்கைத் துடைத்துவிட்டுச் சோறு பிசையப் போனேன். 

நவம்பர் 17, ஞாயிறு

அம்முவுக்குச் சளி போய்விட்டது. அண்ணி நாளை ஊருக்குப் போய், சனிக்கிழமை தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் உள்ள நாள்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். பயமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

நேற்று ராத்திரி இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்ததாம். கொல்லையில் முருங்கைக் கிளைகூட முறிந்து கிடக்கிறது. காலையில் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.